இலையில் விசிறும் பசளை: எது உள்ளே போகும், எது வீணாகும்

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மழை மலைநாட்டை உலுக்கியது. மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் கண்டியும் ஒன்று. அம்பிட்டியவிலும், அங்கிருந்து தலாத்துஓயாப் பக்கம் ஏறும் சரிவுகளிலும் உள்ள வீடுகளுக்குத் திரும்பும் குடும்பங்கள், வீட்டைத் துப்புரவாக்கிய கையோடு தோட்டத்தைத்தான் பார்க்கிறார்கள். மிளகுக் கொடி மஞ்சளாக நிற்கிறது. தப்பிய மிளகாய்க் கன்றுகள் வளராமல் நிற்கின்றன. தேயிலைச் செடியின் அடியில் மேல்மண் இல்லை. வேர் வெளியே தெரிகிறது.

இந்த நேரத்தில் கடையிலோ, வீடு தேடி வரும் விற்பனையாளரிடமோ நீங்கள் கேட்கக்கூடிய பேச்சு ஒன்று உண்டு: "மண் போனால் போகட்டும், இதை இலையில் அடியுங்கள், ஒரு கிழமையில் பச்சையாகிவிடும்." இந்தப் பேச்சில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. இலை பசளையைக் குடிக்கும். ஆனால் எவ்வளவு குடிக்கும், எதைக் குடிக்கும், எப்போது குடிக்கும் என்று தெரியாமல் வாங்கினால், திரும்பி வந்த குடும்பத்தின் கையில் இருக்கும் சிறு தொகை போத்தலோடு போய்விடும். அதைத் தெரிந்துகொள்ளவே இந்தப் பகுதி.

முதலில் பாதுகாப்பு

தோட்டத்தில் இறங்குமுன் சரிவைப் பாருங்கள். நிலத்தில் புதிய வெடிப்பு, சாய்ந்து நிற்கும் மரம், திடீரென ஊறும் கலங்கல் நீர், இவற்றில் எதைக் கண்டாலும் அங்கே வேலை செய்யாதீர்கள். கிராம உத்தியோகத்தருக்குச் சொல்லுங்கள்; அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கத்துக்கும் அழைக்கலாம். பயிரைப் பிறகும் பார்க்கலாம்.

இலையின் மேல் ஒரு மெழுகுச் சட்டை

செடி வேரால் குடிக்கிறது, இலையால் சமைக்கிறது என்று பாடசாலையில் படித்திருப்பீர்கள். அது சரிதான். இலையின் முதல் வேலை நீரைக் குடிப்பதல்ல, உள்ளே இருக்கும் நீரை வெயிலுக்குப் பறிகொடுக்காமல் காப்பது. அதற்காக இலையின் மேல் மெழுகு கலந்த மெல்லிய படலம் ஒன்று இருக்கிறது. சேம்பு இலையில் தண்ணீர் ஊற்றினால் முத்து முத்தாக உருண்டு ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். அதற்குக் காரணம் இந்த மெழுகுதான். கோவா, லீக்ஸ், வெங்காயம் ஆகியவற்றின் இலைகளிலும் மெழுகு அதிகம். போஞ்சி இலையில் அவ்வளவு இல்லை; அதில் நீர் சற்றுப் பரவி ஒட்டும்.

ஆகவே இலையில் விசிறும் எதுவும், நீரை உள்ளே விடாமலும் வெளியே விடாமலும் இருப்பதற்கென்றே அமைந்த ஒரு சுவரைத் தாண்டித்தான் போகவேண்டும். அந்தச் சுவரில் இரண்டு வழிகள் உண்டு.

முதலாவது வழி மெழுகுப் படலத்திலேயே இருக்கும் நுண்துளைகள். அவை கண்ணுக்குத் தெரியாதவை. அகலம் ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றரின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. அவ்வளவு சிறிய துளைக்குள் நீரில் முற்றாகக் கரைந்த மிகச் சிறிய பொருட்கள் மாத்திரமே போகும். கரையாமல் மிதக்கும் தூள், சாணக் கரைசலில் உள்ள திப்பி, மண் துகள் எதுவும் போகாது.

இரண்டாவது வழி இலைவாய்கள். இலை மூச்சுவிடும் சிறு வாய்கள் இவை. தேயிலையிலும் கோப்பியிலும் இவை இலையின் அடிப்பக்கத்தில் மட்டுமே உண்டு. போஞ்சி போன்றவற்றில் இரு பக்கமும் உண்டு, அடியில் அதிகம். இலைவாய் திறந்திருந்தாலும் தண்ணீர்த் துளி குழாய்க்குள் ஓடுவதுபோல் அதற்குள் ஓடிவிடாது. நீரின் இழுவிசை துளியை உருண்டையாகவே பிடித்து வைத்திருக்கும். துளி நன்றாகப் பரவி, ஈரம் நீடித்து இருக்கும்போது, வாயின் ஓரச் சுவர் வழியாகக் கரைசல் மெல்ல ஊர்ந்து உள்ளே போகும்.

அடிப்பக்க வாசலை இந்த மலை முன்பே கண்டது

இலையின் அடிப்பக்கம் ஏன் முக்கியம் என்பதற்கு நம் மலைகளிலேயே பெரிய சான்று உண்டு. தேயிலைக்கு முன் கண்டி மலைகள் கோப்பித் தோட்டங்களாக இருந்தன. நம்மில் பலரின் முன்னோர் தென்னிந்தியாவிலிருந்து நடந்து வந்தது கோப்பி பறிக்கத்தான். 1869இல் கோப்பி இலையின் அடியில் செம்மஞ்சள் தூளாகத் துரு நோய் தோன்றியது. 1880இல் இங்கிலாந்திலிருந்து வந்து அதை ஆராய்ந்த மார்ஷல் வார்ட் என்ற இளம் விஞ்ஞானி, பூஞ்சணத்தின் வித்துகள் ஈர இலையில் முளைத்து இலைவாய் வழியாக உள்ளே நுழைகின்றன என்று காட்டினார். அதற்குள் பெரும்பாலான தோட்டங்கள் அழிந்துகொண்டிருந்தன. கோப்பி போய்த் தேயிலை வந்தது அப்படித்தான்.

இதில் நமக்கு இரண்டு பாடங்கள் உண்டு. இலையின் வாசல் அடிப்பக்கம் இருக்கிறது. ஆகவே மேலே மட்டும் விசிறுவது அரை வேலை. அந்த வாசல் ஈரத்தில் நோய்க்கும் திறந்திருக்கும். ஆகவே இரவு முழுவதும் இலை நனைந்து கிடக்கும்படி விசிறுவது நல்லதல்ல.

உள்ளே போகவேண்டியதும் வெளியே நிற்கவேண்டியதும்

விசிறுவது எல்லாம் உள்ளே போவதற்கல்ல. 1946இல் இலங்கைத் தேயிலையில் கொப்புள நோய் பரவியபோது செம்பு கலந்த மருந்துகள் விசிறப்பட்டன. செம்பு இலையின் மேல் காவலாளியைப் போல நின்று, வந்து விழும் வித்தை முளைக்க விடாது. அது மேலே இருந்தால்தான் வேலை செய்யும். பசளை அதற்கு நேர்மாறு. மேலே காய்ந்து கிடந்தால் அதனால் பயனில்லை. சில களைகொல்லிகளோ இலை வழியாக உள்ளே போய் வேர் வரை இறங்கிச் செடியைக் கொல்லும். வாங்கும் போத்தல் இந்த மூன்றில் எந்த வகை என்று முதலில் கேளுங்கள்.

இலை குடிக்கும் வேகம்

இலை வழியாகச் சத்துக் கொடுப்பது புதிய கண்டுபிடிப்பல்ல. 1840களில் பிரான்சில் கிறிஸ் என்பவர் மஞ்சளான திராட்சை இலைகளுக்கு இரும்பு உப்புக் கரைசலை இட்டு, அவை பச்சையாவதைக் காட்டினார். 1950களில் அமெரிக்காவின் மிச்சிகனில் டுக்கி, விற்வர் என்ற ஆய்வாளர்கள் கதிர்வீச்சுள்ள சத்துகளை இலையில் இட்டு, அவை செடிக்குள் எங்கே போகின்றன என்று கருவி வைத்துப் பின்தொடர்ந்தார்கள். இலை உண்மையிலேயே குடிக்கிறது என்பது அதிலே ஐயமின்றித் தெரிந்தது. எல்லாவற்றையும் ஒரே வேகத்தில் குடிப்பதில்லை என்பதும் தெரிந்தது.

- யூரியா: மிக வேகம். பல மரக்கறிப் பயிர்களில் இலைமேல் விழுந்ததில் பாதி சில மணித்தியாலங்களில் உள்ளே போய்விடும்.
- மகனீசியம்: இதுவும் ஓரளவு வேகம்.
- பொற்றாசியம்: பெரும்பாலும் ஒரு நாளுக்குள்.
- நாகம்: ஒன்றிரண்டு நாட்கள்.
- பொசுபரசு: பல நாட்கள். இதை இலையில் மட்டும் கொடுத்துப் பயிரைக் காக்க முடியாது.

உள்ளே போன பிறகும் எல்லாம் ஒரே மாதிரி நடப்பதில்லை. நைதரசன், பொற்றாசியம், மகனீசியம் ஆகியவை செடிக்குள் நடமாடும். பழைய இலையில் விழுந்தாலும் புதிய தளிருக்குப் போய்ச் சேரும். கல்சியம் விழுந்த இடத்திலேயே நின்றுவிடும். இரும்பும் பெரும்பாலும் அப்படியே. அதனால் இந்த இரண்டையும் ஒருமுறை விசிறினால் அடுத்து வரும் தளிருக்குக் கிடைக்காது.

மஞ்சள் எங்கே தொடங்கியது என்று பாருங்கள்

இந்த நடமாட்டம் தெரிந்தால் செடியின் குறை என்ன என்று ஓரளவு நீங்களே ஊகிக்கலாம். நடமாடும் சத்துக் குறைந்தால், செடி பழைய இலையிலிருந்து எடுத்துத் தளிருக்குக் கொடுக்கும். ஆகவே அடி இலை முதலில் வாடும். நடமாடாத சத்துக் குறைந்தால் தளிர்தான் முதலில் காட்டும்.

- அடி இலை முழுவதும் வெளிறி மஞ்சளாகிறது: நைதரசன் குறைவாக இருக்கலாம்.
- அடி இலையில் நரம்பு பச்சையாக இருக்க, நரம்புகளுக்கு இடையில் மஞ்சள்: மகனீசியம்.
- அடி இலையின் ஓரம் கருகுகிறது: பொற்றாசியம்.
- தளிரில் நரம்பு மட்டும் பச்சை, மற்றெல்லாம் வெளிறல்: இரும்பு.
- தளிர் இலை சிறுத்து, ஒடுங்கி, நெருக்கமாகக் கொத்தாக நிற்கிறது: நாகம்.

இவற்றுக்கெல்லாம் முன் ஒரு கேள்வி: வேர் நலமா? வெள்ளம் நின்ற இடத்தில் வேருக்குக் காற்றுக் கிடைக்காமல் அழுகியிருந்தால், மண்ணில் எவ்வளவு சத்து இருந்தாலும் இலை மஞ்சளாகும். மிளகுக் கொடி இதில் மிகவும் மென்மையானது. அடியில் சிறிது மண்ணை விலக்கி வேரைப் பாருங்கள். வெள்ளையான, உறுதியான வேர் இருந்தால் நம்பிக்கை உண்டு. கறுத்து, தோல் உரிந்து, நாற்றமடித்தால் எந்தப் போத்தலும் அதை மீட்காது. கானை வெட்டித் தேங்கிய நீரை வடித்துவிடுவதே அங்கே முதல் மருந்து.

ஒரு போத்தலின் கணக்கு

2021ஆம் ஆண்டை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். அந்த ஆண்டு மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி நிறுத்தப்பட்டது. ஒக்ரோபரில், இலையில் விசிறும் நனோ நைதரசன் திரவம் இந்தியாவிலிருந்து விமானத்தில் வந்தது. அரை லீற்றர்ப் போத்தல் ஒன்று ஒரு மூடை யூரியாவுக்கு ஈடு என்று சொல்லப்பட்டது. நவம்பரில் தடை நீக்கப்பட்டது. ஆனால் அந்தப் பெரும்போகத்தில் நாட்டின் நெல் விளைச்சல் பெரிதாக விழுந்தது. அதற்குக் காரணங்கள் பல. ஆனாலும் போத்தல் பற்றிய கணக்கை நாம் கையாலேயே போட்டுப் பார்க்கலாம்.

அந்தத் திரவத்தில் நைதரசன் நூற்றுக்கு 4 பங்கு. அரை லீற்றரில் 20 கிராம். யூரியாவில் நைதரசன் நூற்றுக்கு 46 பங்கு. 50 கிலோ மூடை ஒன்றில் 23 கிலோ, அதாவது 23,000 கிராம். ஒரு தொன் நெல் விளைய, பயிர் ஏறத்தாழ 15 முதல் 20 கிலோ நைதரசனை எடுக்கிறது. துகள் எவ்வளவு நுண்ணியதாக இருந்தாலும் 20 கிராம் 20 கிராம்தான். இலை அத்தனையையும் ஒரு சொட்டு விடாமல் குடித்தாலும், அது ஆயிரத்தில் ஒரு பங்குத் தேவையைத்தான் நிரப்பும்.

"இலையில் நேராகக் கொடுப்பதால் கொஞ்சம் போதும்" என்ற பேச்சை இந்தக் கணக்கோடு வைத்துப் பாருங்கள். மண்ணில் இடும் யூரியாவில் ஒரு பகுதி காற்றோடும் நீரோடும் வீணாவது உண்மை. ஆனால் ஆயிரத்தில் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது பங்கு வீணாவதில்லை.

அப்படியானால் இலையில் விசிறுவது எதற்கு?

மூன்று சந்தர்ப்பங்களில் அது உண்மையாகவே உதவும்.

ஒன்று, செடிக்கு மிகச் சிறிய அளவில் தேவைப்படும் சத்துகள். நாகம் அப்படிப்பட்டது. அது மண்ணில் கட்டுண்டு கிடந்து வேருக்கு எட்டாமல் போவதும் உண்டு. அதனால்தான் தேயிலைக்கு நாக சல்பேற்றை இலையில் விசிறுவது தோட்டங்களில் நெடுங்காலமாக நடக்கும் வேலை. இங்கே சிறிய வாசல் போதும், ஏனென்றால் போகவேண்டியதும் சிறிது.

இரண்டு, வேர் நோயாளியாகக் கிடக்கும் சில கிழமைகள். வெள்ளம் வடிந்த பிறகு புதிய வேர் விடும்வரை செடிக்கு ஒரு கஞ்சி வேண்டும். மெல்லிய யூரியாக் கரைசல் அந்தக் கஞ்சி. கஞ்சி குடித்து நோயாளி எழும்பலாம். கஞ்சியிலேயே வாழ்ந்து வயலில் வேலை செய்ய முடியாது.

மூன்று, குறை இன்னதென்று தெளிவாகத் தெரிந்து, அதை விரைவாகத் திருத்தவேண்டிய நேரம்.

கராம்பு, சாதிக்காய், பலா போன்ற உயர்ந்த மரங்களுக்குக் கீழே நின்று விசிறுவதில் பயனில்லை. பெரும்பகுதி காற்றில் போகும், உங்கள் முகத்திலும் விழும். அவற்றுக்கு வேரடியில் எருவும் மூடாக்கும்தான் வழி.

எப்படி விசிறுவது

1. சேற்றைக் கழுவுங்கள். இலைமேல் படிந்த சேறு வாசலை அடைத்துவிடும், வெளிச்சத்தையும் மறைக்கும். சுத்தமான தண்ணீரால் மெதுவாகக் கழுவி, இரண்டு நாள் விடுங்கள்.

2. மெல்லிய கரைசலாகக் கலக்குங்கள். மரக்கறிப் பயிருக்கு ஒரு லீற்றர் தண்ணீருக்கு 5 கிராம் யூரியா போதும். 16 லீற்றர்த் தாங்கிக்கு 80 கிராம். தராசு இல்லாவிட்டால், மட்டமாக வழித்த ஒரு தேக்கரண்டி யூரியா ஏறத்தாழ 4 கிராம் என்று கொள்ளலாம். சிறு நாற்றுகளுக்கு இதில் பாதி. மகனீசியக் குறை தெளிவாகத் தெரிந்தால், எப்சம் உப்பு எனப்படும் மகனீசியம் சல்பேற்று லீற்றருக்கு 10 கிராம். நாகத்தையும் மற்றவற்றையும் சிட்டையில் உள்ளபடியோ விவசாயப் போதனாசிரியர் சொல்கிறபடியோ மட்டும் பயன்படுத்துங்கள்.

3. "இன்னும் கொஞ்சம் போட்டால் இன்னும் பச்சை" என்று எண்ணாதீர்கள். உப்புக் கூடினால், கருவாட்டில் உப்பு நீரை இழுப்பதுபோல, அது இலைக்குள் இருக்கும் நீரை வெளியே இழுக்கும். இலை ஓரம் கருகும்.

4. மெழுகு அதிகமுள்ள கோவா, லீக்ஸ், வெங்காயத்துக்கு மட்டும் சில துளி திரவச் சவர்க்காரம் சேர்க்கலாம். துளி உடைந்து பரவி ஒட்டும். அதிகம் சேர்த்தால் மெழுகே கரைந்து இலை வெந்துபோகும்.

5. முதலில் இரண்டு மூன்று செடிகளில் விசிறி, இரண்டு நாள் பாருங்கள். கருகவில்லை என்றால் மற்றவற்றுக்கும் விசிறுங்கள்.

6. நொசிலைக் கீழே பிடித்து மேல்நோக்கித் திருப்பி, இலையின் அடியையும் நனையுங்கள். நுண்ணிய தூவலாக இருக்கட்டும். இலையிலிருந்து சொட்டத் தொடங்குவதற்கு முன் நிறுத்துங்கள், சொட்டுவது வீண்.

7. ஏழு முதல் பத்து நாளுக்கு ஒருமுறை, மொத்தம் இரண்டு மூன்று தடவை. புதிய தளிர் நல்ல நிறத்தில் வந்ததும் நிறுத்தி, மண்ணுக்குத் திரும்புங்கள். ஏற்கெனவே கடும் மஞ்சளான பழைய இலை பச்சையாகாவிட்டால் மனம் தளரவேண்டாம். பார்க்கவேண்டியது தளிரை.

எந்த நேரம் நல்லது?

பசளை நீரில் கரைந்திருக்கும்வரைதான் உள்ளே போகும். நண்பகல் வெயிலில் துளி சில நிமிடங்களில் காய்ந்து, இலைமேல் வெள்ளை உப்பாக நின்றுவிடும். அப்போது வாசலும் மூடிக்கொள்ளும். வெயில் கடுமையாகும்போது பல செடிகள் நீரைக் காக்க இலைவாயை மூடும். ஆகவே நண்பகல் வேண்டாம்.

காலையில், பனித்துளி வடிந்து இலை சற்று உலர்ந்த பின், வெயில் ஏறுமுன் விசிறுவது நல்லது. காற்றில் ஈரம் இருக்கும்; துளி மெதுவாகக் காயும். பிற்பகல் நான்கு மணியளவிலும் விசிறலாம். ஆனால் நம் பகுதியில் மார்ச், ஏப்ரலிலும் ஒக்ரோபர், நவம்பரிலும் பிற்பகலில் இடியோடு மழை வருவது வழக்கம். அந்த மாதங்களில் பிற்பகலில் விசிறினால் பசளை ஓடையில்தான் சேரும். குறைந்தது ஐந்தாறு மணித்தியாலம் மழை வராது என்று தோன்றும் நாளைத் தெரிவு செய்யுங்கள். தக்காளிக்கும் உருளைக்கிழங்குக்கும் மாலை இருட்டும் நேரத்தில் விசிறவே வேண்டாம்; இரவெல்லாம் ஈரமாகக் கிடந்தால் அழுகல் நோய் வரும்.

இலை குடிப்பதுபோல் உங்கள் தோலும் குடிக்கும்

பசளையைவிட, பூச்சி மருந்திலும் களைகொல்லியிலும் இது உயிர் விடயம்.

- வெள்ளத்தில் நனைந்து சிட்டை போன போத்தல், வீட்டுக் கொட்டிலில் கிடைத்த பெயர் தெரியாத தூள், இவற்றை முகர்ந்து பார்க்கவோ கலக்கவோ வேண்டாம். பிள்ளைகளுக்கு எட்டாமல் தனியே வைத்து, விவசாயப் போதனாசிரியருக்குச் சொல்லுங்கள்.
- களைகொல்லி அடித்த தாங்கியில் பசளை கலக்காதீர்கள். தாங்கியின் அடியில் நிற்கும் சிறிதளவே போதும். மிளகாயும் தக்காளியும் இலை சுருண்டு செத்துவிடும். வேறு தாங்கி இல்லையென்றால் பூவாளியோ சிறிய கைத் தெளிப்பானோ போதும்.
- நீண்ட கைச் சட்டை, நீண்ட காற்சட்டை, கையுறை, சப்பாத்து அணியுங்கள். காற்றுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். வேலை முடிந்ததும் சவர்க்காரமிட்டுக் குளித்து, உடுப்பைத் தனியாகத் தோயுங்கள்.
- பீலிக்கும் கிணற்றுக்கும் மேலே நின்று தாங்கியைக் கழுவாதீர்கள். இந்தச் சரிவுகளின் ஓடைகள் கீழே உள்ள வீடுகளைத் தொட்டுப் போய் மகாவலியில் சேர்கின்றன.
- மருந்து உடலில் பட்டு மயக்கம், வாந்தி, கண் மங்கல் வந்தால் உடனே 1990 சுவசெரிய அம்புலன்சை அழையுங்கள். போத்தலையும் கையோடு கொண்டுபோங்கள்.

வீட்டிலேயே ஊறவைத்த கிளிரிசிடியா இலைத் திரவம் பலரிடம் உண்டு. நல்லதுதான். வடித்து, நிறையத் தண்ணீர் கலந்து, வேரடியில் ஊற்றுங்கள். சாணக் கரைசலைக் கீரை, வல்லாரை, சலாது போன்ற பச்சையாகச் சாப்பிடும் இலைகளில் விசிறாதீர்கள். கிருமி நேரே வாய்க்கு வரும்.

கையில் உள்ள தொகையை எங்கே போடுவது?

சரிவில் மேல்மண் போன இடத்தில் மிஞ்சுவது சத்தில்லாத, இறுகிய, பெரும்பாலும் சிவந்த அடிமண். அதை மீண்டும் மண்ணாக்குவதற்குப் போத்தல் தேவையில்லை; நேரமும் உழைப்பும் வேண்டும்.

- முதலில் கானும் கல்லணையும். அடுத்த மழையில் மிச்ச மண்ணும் போனால் மற்ற வேலை எல்லாம் வீண்.
- கிளிரிசிடியாத் தடியைச் சமவுயரக் கோட்டில் வரிசையாக நடுங்கள். மண்ணைப் பிடிக்கும், வெட்டிய இலை எருவாகும், மிளகுக்குத் தாங்குமரமும் ஆகும்.
- வெறும் மண்ணைச் சருகு, வைக்கோல், வெட்டிய புல் எதனாலாவது மூடுங்கள்.
- மாட்டெருவும் கூட்டெருவும் முழுத் தோட்டத்துக்கும் போதாவிட்டால் நடும் குழிக்கு மட்டும் போடுங்கள்.
- யூரியாவை மண்ணில் இடும்போது ஈர மண்ணில் இட்டு மண்ணால் மூடுங்கள். மேலே கிடந்தால் காற்றோடு போய்விடும்.
- சுண்ணாம்போ தொலமைற்றோ இடுமுன் மண்ணைப் பரிசோதிக்கக் கேளுங்கள்.

இலைப்பசளை வாங்கத்தான் வேண்டும் என்றால், விற்பவரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். இதில் எந்தச் சத்து, நூற்றுக்கு எத்தனை பங்கு? ஒரு தாங்கிக்கு எவ்வளவு? அதில் எத்தனை கிராம் சத்து என் செடிக்குப் போகும்? பதில் வராவிட்டால் பணத்தை எடுக்கவேண்டாம்.

யாரிடம் கேட்பது?

உங்கள் பகுதிக் கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரைச் சந்திக்கலாம். வாடிய இலையில் ஒரு பழைய இலையும் ஒரு தளிரும் பறித்து, செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுபோனால் அவருக்கு விளங்கப்படுத்துவது இலகு. விவசாயத் திணைக்களத்தின் 1920 என்ற இலக்கத்துக்கு அழைத்துத் தமிழிலும் ஆலோசனை கேட்கலாம். மிளகு, கராம்பு, சாதிக்காய், கோப்பி பற்றி ஏற்றுமதி விவசாயத் திணைக்களத்தின் உத்தியோகத்தரிடம் கேளுங்கள்.

வீடு திரும்பிய முதல் பருவத்தில் எல்லாச் செடியையும் காப்பாற்ற முடியாது. வேர் உயிரோடு இருப்பதைத் தெரிந்தெடுத்து, அதற்கு இலை வழியாகச் சில நாள் கஞ்சி கொடுங்கள். பிறகு சோற்றை மண்ணில் போடுங்கள்.